எர்துக்ருல் தொடருக்குப் பிறகு என்ன படிப்பது? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவிருக்கும் உங்கள் மகள், உஸ்மானியப் பேரரசின் வரலாற்றைக் காணொளியாகவும் பாட்காஸ்டாகவும் இன்றைய தலைமுறைக்குச் சொல்வதையே தொழிலாக்கிக்கொள்ள விரும்புவதாகவும், இது எர்துக்ருல் என்ற துருக்கியத் தொலைக்காட்சித் தொடர் தந்த மயக்கம் என்று வீட்டில் கருதுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆர்வம் எங்கிருந்து பிறந்தது என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. 2014 முதல் 2019 வரை ஐந்து பருவங்களாக ஓடிய அத்தொடரின் நாயகரைப் பற்றி அவர் காலத்துச் சான்று ஏறக்குறைய எதுவுமே கிடையாது. பேரரசை நிறுவிய மகன் உஸ்மான் வெளியிட்ட நாணயத்தில் தந்தை பெயராக எர்துக்ருல் என்றிருப்பதும், பல தலைமுறைகளுக்குப் பின் எழுதப்பட்ட வரலாற்று நூல்களில் வரும் கதைகளுமே மிச்சம். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். முகம் வாடினால் அவருக்குப் பிடித்தது நாடகம், "அப்படியானால் மீதியை எப்படி எழுதினார்கள்?" என்று கேட்டால் மேலே பேசலாம்.

நடுவழியாக விஷுவல் கம்யூனிகேஷனில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். படத்தொகுப்பையும் ஒலிப்பதிவையும் விடுமுறைக் காலத்தில்கூடக் கற்றுக்கொள்ளலாம், அவற்றை அறிந்தவர்களும் ஏராளம். இத்துறையில் அரிது மூலஆவணத்தை வாசிக்கத் தெரிந்தவரே. 1928-இல் துருக்கி அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியதால், இஸ்தான்புல்லில் படித்து வளர்ந்த இளைஞர்கூடத் தனிப்பயிற்சி இல்லாமல் தம் முன்னோரின் கல்லறைக் கல்லைப் படிக்க இயலாது. அந்நகரின் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கோடிக்கணக்கான ஆவணங்களின் நிலையும் அதுவே. உங்கள் மகள் குர்ஆன் ஓதப் பழகியவர், வீட்டுப் பெரியவர்கள் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை, எழுதியதையும் பார்த்தவர் என்பதால் எழுத்து அவருக்கு அந்நியமாக இராது. ஆனால் எழுத்துக்கூட்டுவது வேறு, அரபும் பாரசீகமும் கலந்த உஸ்மானியத் துருக்கியைப் புரிந்துகொள்வது வேறு. அதிலும் கணக்கேடுகளுக்கென்றே இருந்த சியாகத் என்னும் எழுத்துமுறை தேர்ந்த ஆய்வாளர்களையே திணறடிக்கும்.

ஆகவே இளங்கலையில் வரலாறு, மொழிப்பாடமாக அரபு அல்லது பாரசீகம். கூடவே இன்றைய துருக்கி மொழியைத் தொடங்கிவிடலாம். தொலைவு தடையில்லை என்றால் டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் அம்மொழியைக் கற்பிக்கிறார்கள். முதுகலைக்குத் துருக்கி அரசின் 'துர்க்கியே புர்ஸ்லாரி' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். கல்விக் கட்டணம், தங்குமிடம், மாதாந்தரத் தொகை, ஓராண்டு மொழிப் பயிற்சி ஆகியவை அதில் அடங்கும். போட்டி கடுமை என்பதால் அதையே நம்பி வேறு வழிகளை அடைத்துவிட வேண்டாம்.

வருமானம் குறித்த உங்கள் கவலை நியாயமானது. ஆவணப்பட ஆய்வு, அருங்காட்சியகங்களின் டிஜிட்டல் பிரிவு, வசன மொழிபெயர்ப்பு எல்லாம் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகளே. தொடக்க ஆண்டுகளில் மாதச் சம்பளத்தை எதிர்பார்க்க முடியாது. அப்போது கைகொடுப்பது வரலாற்றுப் பட்டத்தைவிடத் துருக்கி மொழியறிவாகத்தான் இருக்கும்.

முடிவெடுக்கும் முன் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். இரண்டாம் அப்துல் ஹமீது சுல்தான் 1890-களில் தம் நாட்டைப் பற்றிய 51 புகைப்பட ஆல்பங்களை அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்கு அனுப்பிவைத்தார். 1,800-க்கும் மேற்பட்ட அந்தப் படங்களை நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பள்ளி மாணவியர், மருத்துவமனைகள், தீயணைப்பு வீரர்கள், படைவீரர்கள் என வெளிநாட்டார் கண்ணில் தம் பேரரசு எப்படித் தெரிய வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுத்த காட்சிகள் அவை (இன்று நாம் இன்ஸ்டாகிராமில் செய்வதுதான்!). அவற்றில் பத்துப் படங்களை எடுத்து, சுல்தான் எதைக் காட்டினார், எதைக் காட்டாமல் விட்டார் என்று ஐந்து நிமிடக் காணொளி ஒன்றைத் தமிழில் தயாரிக்கட்டும். எந்தச் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்பதையும் கீழே எழுதட்டும். ஒரு மாத அவகாசம் போதும். அதைப் பார்த்தபின் நாம் மூவரும் உட்கார்ந்து கல்லூரிகளைப் பற்றிப் பேசுவோம்.