மனு எழுதாதே பிள்ளை

கடிதம்:

வணக்கம் டீச்சர். நான் கொஸ்லந்தைப் பக்கத்து தேயிலைத் தோட்டம் ஒண்ணைச் சேர்ந்தவள், பேராதனையில எம்.பில் செய்றேன். மண்சரிவு எச்சரிக்கை லயத்து வரிசை வீடுகள்ல இருக்கிற சனங்களுக்கு எப்படி வந்து சேருது, வந்தா அவங்க என்ன செய்றாங்க என்பதுதான் என் ஆய்வு. வியன்னாவில நடக்கிற ஐரோப்பிய புவி விஞ்ஞான ஒன்றியத்தின் மாநாட்டுக்கு என் அப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆய்வுச் சுருக்கம், எடுபட்டிருக்கு. போக காசு இல்ல. டிராவல் கிராண்ட், ஸ்கொலர்ஷிப் எல்லாம் எங்க கிடைக்கும்னு ஒரு லிஸ்ட் தருவீங்களா? ஆள் தெரிஞ்சவங்களுக்குத்தான் கிடைக்கும்னு பிரண்ட்ஸ் சொல்றாங்க. என் இங்கிலிஷும் அவ்வளவு சரியில்ல. நான் எழுதின அப்ளிகேஷன் டிராப்டையும் அப்ஸ்ட்ராக்டையும் அனுப்பியிருக்கேன். அம்மா கொழுந்து எடுக்கிறவங்க, அதை இன்னும் விளக்கமா எழுதணுமா?

க.

பதில்:

அன்புள்ள க.,

லிஸ்ட்டை முதல்ல சொல்லி முடிச்சிடுறேன், ஏன்னா எனக்கு உன் டிராப்டைப் பத்தித்தான் பேசணும், அதை வாசிச்சதில இருந்து மனசு ஒரு நிலையில இல்ல.

அந்த வியன்னா மாநாட்டை நடத்துற ஒன்றியமே உன்னை மாதிரி ஆரம்ப நிலை ஆய்வாளர்களுக்கும் வருமானம் குறைஞ்ச நாட்டுக்காரங்களுக்கும் பயண உதவி குடுக்குது. ஆனா அதை அப்ஸ்ட்ராக்ட் போடுற நேரத்திலயே சேர்த்துக் கேட்கணும், உதவி கேட்குறவங்களுக்கு கடைசித் தேதியும் மத்தவங்களை விட முந்தியே வந்துடும், பொதுவா டிசம்பர் தொடக்கத்தில. நீ மத்தவங்களோட சேர்ந்து ஜனவரியில போட்டுட்டு இப்ப வந்து காசு எங்கனு கேட்குற. அந்தப் பக்கத்தில எழுதித்தானே இருக்கு பிள்ளை, வாசிக்காம எப்படி விட்ட? எல்லா பெரிய மாநாட்டிலயும் இதே கதைதான், காசு இருக்கிற கதவு முதல்ல மூடும், பேசுறதுக்கான கதவு பிறகுதான் மூடும். இந்த வருஷத்துக்கு டிபார்ட்மெண்ட்ல கேளு, பீடத்து ஆராய்ச்சி நிதியில கேளு, சூப்பர்வைசர் கையில ஒரு கிராண்ட் இருந்தா அதில பயணத்துக்கு ஒதுக்கீடு இருக்கானு நேரா கேளு. கொழும்பில தேசிய விஞ்ஞான மன்றத்துக்கு போன் எடு, மாநாட்டுப் பயணத்துக்கும் பட்டப்பின் ஆய்வுக்கும் அவங்ககிட்ட திட்டங்கள் உண்டு, எது எப்ப திறக்கும்னு போன்ல கேட்டாத்தான் சரியா தெரியும். பீஎச்டிக்குப் போற எண்ணம் இருந்தா 1959ல இருந்து நடக்குற கொமன்வெல்த் புலமைப்பரிசில், ஜெர்மன்காரங்களோட டாட் (DAAD) புலமைப்பரிசில், ஜப்பான் அரசாங்கத்தோட மெக்ஸ்ட் (MEXT) புலமைப்பரிசில், இது மூணையும் இப்பவே பார்க்க ஆரம்பி, ஒரு வருஷத்துக்கு முந்தியே வேலை தொடங்கணும். இன்னொண்ணு, நேத்து அனுப்பின அப்ஸ்ட்ராக்டை இன்னைக்கே ஏத்துக்கிட்டோம்னு மெயில் போட்டு, உங்களுக்கு அவார்ட் கிடைச்சிருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் காசை உடனே கட்டுங்கனு சொல்றவங்க பக்கமே போகாத.

ஆள் தெரிஞ்சவங்களுக்குத்தான் கிடைக்கும்னு சொல்ற பிரண்ட்ஸ்ல எத்தனை பேர் ஒரு அப்ளிகேஷனாவது முழுசா நிரப்பி அனுப்பியிருக்காங்கனு கேட்டுப் பாரு. இங்கிலிஷ் ஒரு பிரச்சினையே இல்ல, சின்னச் சின்ன வசனமா எழுதி கெம்பஸ்ல ரெண்டு பேர்கிட்ட குடுத்து திருத்து.

இப்ப டிராப்டுக்கு வர்றேன்.

ஒண்ணரைப் பக்கம் எழுதியிருக்க. முதல் வசனத்தில பின்தங்கிய தோட்டம், வறிய தொழிலாளிக் குடும்பம், எண்ணற்ற இன்னல்கள். ரெண்டாவது பந்தியில லயத்துக் கூரை. மூணாவது பந்தியில அம்மாவோட கை. நாலாவது பந்தியில தயவுகூர்ந்து கருணை காட்டும்படி கேட்குற. மண்சரிவு என்ற சொல் முதல் தடவையா ரெண்டாம் பக்கத்தில வருது, அதுவும் ரெண்டே ரெண்டு வரி. நீ இங்கிலிஷ்லதான் எழுதியிருக்க, ஆனா அது நம்ம ஊரு மனு, சுத்தமான மனு. வாசிச்சப்ப எனக்கு அழுகை வரல, கோபம்தான் வந்துச்சி, உன் மேல இல்ல, இப்படி எழுதினாத்தான் குடுப்பாங்கனு உனக்கு சொல்லித் தந்த அத்தனை பேர் மேலயும்.

ஏன் இவ்வளவு கோபம்னு சொல்றேன். சில வருஷத்துக்கு முந்தி ஒரு சின்ன ஆய்வு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் வாசிக்கிற குழுவில என்னையும் உட்கார வச்சாங்க. ஒவ்வொரு பைலோடயும் ஒரு புள்ளித்தாள் இருக்கும், ஆய்வுக் கேள்வி, முறை, செய்து முடிக்க முடியுமா, பயன் என்ன, பட்ஜெட்னு கட்டம் கட்டமா இருக்கும், கட்டத்துக்கு இத்தனை புள்ளினு. நம்ம பிள்ளைகளோட பைலை எடுத்தா முதல் பக்கம் பூரா ஒரே மாதிரி, ஹட்டன்ல இருந்து வந்தாலும் பண்டாரவளையில இருந்து வந்தாலும் பேரை மாத்திப் போட்டா தெரியாது. ஒரு பையன் குளவிக் கொட்டைப் பத்தி செய்றான், மலையில வேலை செய்ற பொம்பளைங்களை குளவி எந்த மாசத்தில, எந்த மரத்துப் பக்கம் அதிகமா கொட்டுதுனு ஆஸ்பத்திரி பதிவையும் தோட்டத்துப் பதிவையும் சேர்த்து வச்சிப் பார்க்கிறது. எவ்வளவு நல்ல கேள்வி! வருஷா வருஷம் எத்தனை பேரை தூக்கிட்டு ஓடுறோம், அதை இப்படி கணக்குப் பார்த்து சொல்ல ஒருத்தன் கிளம்பியிருக்கான். ஆனா அந்தக் கேள்வி கிடந்தது மூணாம் பக்கத்துக் கடைசியில. மேசையில இருந்த ஒரு அம்மா அவன் முதல் பக்கத்தை வாசிச்சி கண்ணைத் துடைச்சாங்க, நிஜமாவே துடைச்சாங்க, நல்ல மனுஷி. துடைச்சிட்டு புள்ளித்தாள்ல ஆய்வுக் கேள்விக்கு நேரா கம்மியா போட்டுட்டு காசை அடுத்த பைலுக்குக் குடுத்துட்டாங்க. அடுத்த பைல் கொழும்புப் பிள்ளை ஒண்ணோடது, முதல் வசனத்திலயே நான் இதை அளக்கப் போறேன்னு சொல்லியிருந்திச்சி. நான் மூணாம் பக்கத்தை திருப்பிக் காட்டி வாதாடினேன், புள்ளி கொஞ்சம் ஏறிச்சி, பத்தல. புள்ளித்தாள்ல கண்ணீருக்குக் கட்டம் இல்ல மகள். இருந்தாலும் அதில புள்ளி வாங்குறதுக்கா நீ கெம்பஸ் போன?

நாம ஏன் இப்படி எழுதுறோம்னு எனக்குத் தெரியும். எங்க தோட்டத்தில மனு எழுதுற தாத்தா ஒருத்தர் இருந்தாரு. லயத்து முன்பக்கத்து இஸ்தோப்பில சாக்கு விரிச்சி உட்கார்ந்து, புல்ஸ்கேப் தாளுக்கு நடுவுல கார்பன் வச்சி, பென்சிலை நாக்கில தொட்டுத் தொட்டு எழுதுவாரு. தோட்டத்து மனேஜருக்கு, கனம் பெரிய துரை அவர்களின் மேலான சமூகத்துக்குனு தொடங்கி, துரையோட பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்னு வாழ்த்தி, தன்னை புழுவுக்கும் கீழ இறக்கி எழுதி, கடைசி வரியிலதான் தகரம் ஓட்டை, மழை அடுப்பில விழுதுனு வரும். கீழ பெருவிரல் அடையாளம். சின்னப் பிள்ளையா பக்கத்தில குந்தி மை தொட்டுக் குடுத்தவ நான், அந்த வாசகம் எல்லாம் இன்னமும் எனக்கு மனப்பாடம். அவரை நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன். 1948லயும் 49லயும் வந்த சட்டங்கள்ல பிரஜாவுரிமையும் போயி ஓட்டும் போன சனம், கேட்குறதுக்கு வேற என்ன வழி இருந்திச்சி அவங்களுக்கு, உரிமைனு கேட்டா லயத்தை விட்டே துரத்துவான், அதனால காலில விழுந்து கேட்டாங்க, அப்படிக் கேட்டுத்தான் நம்மளை எல்லாம் ஆளாக்கினாங்க. ஆனா நீ துரைக்கா எழுதுற? உன் முன்னால இருக்கிறது நல்ல ஆய்வு ஒண்ணைத் தேடிட்டு இருக்கிற ஆளுங்க. அவங்ககிட்ட நல்ல ஆய்வே இல்லாத மாதிரி போய் நிக்கிற.

உன் ஆய்வு என்னனு உனக்கே மறந்து போச்சோனு நினைக்கிறேன், நான் ஞாபகப்படுத்துறேன். 2014 ஒக்டோபர் 29ம் தேதி காலையில உங்க கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தை தோட்டத்தில மலை இறங்கி லயத்தை மூடிச்சி. அந்த இடம் ஆபத்து, சனத்தை வேற இடத்துக்கு மாத்தணும்னு 2005லயும் சொல்லியாச்சி, 2011லயும் சொல்லியாச்சி. சொன்ன சொல் எந்த மேசையோட நின்னுச்சி? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில 75 மில்லிமீற்றர் மழை பெய்தா கவனம்னு சொல்லும், 100 தாண்டினா எச்சரிக்கை, 150 தாண்டினா வெளியேறுங்கனு சொல்லும். சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்டும் இல்லாம போனும் செத்துக் கிடக்கிற லயத்தில 150 ஆகிட்டுதுனு யார் வந்து கதவைத் தட்டுவா? தட்டினாலும் எங்க போறது, அடுத்த நாள் வேலைக்குப் போகலனா பேர் போட்டு சம்பளம் தருவாங்களா? இதைத்தான் நீ வீடு வீடா போய் கேட்டிருக்க. உன் அப்ஸ்ட்ராக்டில ஒரு வரி இருக்கு, பீலியில, அதான் மலைத் தண்ணி வர்ற குழாயில, தண்ணி சேறா வந்தா இல்லாட்டி வழக்கமில்லாத இடத்தில தண்ணி கசிஞ்சா எந்த அறிவிப்புக்கும் காத்திருக்காம பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம்னு ஒரு பாட்டி சொன்னதா. அது வெறும் பாட்டிக் கதை இல்ல பிள்ளை, நிலம் நகரப் போறதுக்கு நிபுணர்கள் சொல்ற அடையாளங்கள்ல அதுவும் ஒண்ணு, தரையில வெடிப்பு, மரம் சாய்றது, கதவு இறுகுறது எல்லாம் அதே வரிசையிலதான் வரும். மெஷின் சொல்ற எச்சரிக்கையும் பாட்டி சொல்ற எச்சரிக்கையும் எங்க சந்திக்குது, எங்க ஒண்ணை ஒண்ணு தவறவிடுதுனு பார்க்கிற பிள்ளை வியன்னாவுக்குப் போகாம வேற யார் போறது?

அதனால முதல் வசனத்தை இப்படித் தொடங்கு: மண்சரிவு எச்சரிக்கை தோட்டத்து லயங்களுக்கு எந்த வழியாக, எவ்வளவு தாமதத்தோடு போய்ச் சேர்கிறது என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது. அடுத்த வசனத்தில எத்தனை லயம், எத்தனை பேர்கிட்ட பேசின. அதுக்கு அடுத்ததில என்ன கண்ட. பிறகு இந்த மாநாடு ஏன் வேணும், அங்க யார் முன்னால பேசினா உன் வேலை எப்படி முன்னுக்குப் போகும். தோட்டத்தில பிறந்தவள் என்றதை மறைக்கச் சொல்றேன்னு நினைக்காத, அதை ஆய்வு முறைனு வர்ற இடத்தில எழுது, எனக்கு இந்த சனத்தோட பேச்சு தெரியும், ராத்திரியில கதவைத் தட்டினா திறப்பாங்க, வெளி ஆளுக்கு சொல்லாததை எனக்கு சொல்வாங்கனு எழுது. அந்த இடத்தில அது உனக்குத் தகுதி.

பணத்தேவைனு தனியா ஒரு கட்டம் இருந்தா அதில கணக்கைப் போடு, கதை வேணாம். வியன்னா போக எடுக்கிற ஷெங்கன் விசாவுக்கு மட்டும் 90 யூரோ. 2024ல தோட்டத்து நாள் சம்பளத்தை 1350 ரூபா ஆக்கினாங்க, அந்தச் சம்பளத்தில விசா காசுக்கு மட்டும் உன் அம்மா இருபது நாளைக்கு மேல மலை ஏறியிருக்கணும், டிக்கட் இன்னும் வாங்கல. இந்த ரெண்டு இலக்கத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சிட்டு பேசாம விடு, போதும்.

இதில எனக்கு ஆறாத ஒரு விஷயம் இருக்கு. நிறைய டிராவல் கிராண்ட் போயிட்டு வந்த பிறகுதான் காசு குடுக்கும். நீயே டிக்கட் எடு, ஹோட்டல் கட்டு, போர்டிங் பாஸையும் பில்லையும் கொண்டு வா, மாசம் கழிச்சி தர்றோம்னு சொல்வாங்க. கையில மூணு நாலு லட்சம் இருக்கிறவளுக்கு அந்த உதவியே தேவையில்லையே! கிராண்ட் கிடைச்சும் கடன் குடுக்க ஆள் இல்லாம போக முடியாமப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒருத்தியோட அம்மா தோடு அடகுக் கடையில கிடந்திச்சி, காசு வந்து சேர்றதுக்குள்ள வட்டி ஏறிட்டு. அதனால வெட்கப்படாம முன்கூட்டியே மெயில் போட்டுக் கேளு: டிக்கட்டை நீங்களே நேரா எடுத்துத் தர முடியுமா, இல்லாட்டி முற்பணம் தருவீங்களா? கேட்டா செய்ற இடங்கள் இருக்கு, ஒருத்தரும் கேட்காததால அவங்களுக்கும் இது ஒரு பிரச்சினைனு தெரியறதில்ல. கெம்பஸ்லயும் முற்பணம் கேட்கலாம், கையெழுத்துக்கு நாலு மேசை ஏறி இறங்கணும், ஏறு. விசாவுக்கு பயணத்துக்கு ஆறு மாசம் முந்தியே விண்ணப்பிக்கலாம், கடைசி மாசம் வரைக்கும் வச்சிக்கிட்டு இருக்காத, அழைப்புக் கடிதத்தையும் கிராண்ட் கடிதத்தையும் சேர்த்து வை, பேங்க் புக்கில காசு இல்லாதப்ப உனக்காகப் பேசப் போறது அந்தக் கடிதங்கள்தான்.

விலாசம் எழுதுற இடத்தில தோட்டத்து விலாசம் போட்டிருக்க. மாத்து. எனக்கு ஒரு இன்டர்வியூ கடிதம் வந்து தோட்ட ஆபீஸ் அலுமாரி மேல கிடந்து, இன்டர்வியூ முடிஞ்ச பிறகு கொழுந்துச் சாக்கோட சேர்ந்து மலைக்கு வந்துச்சி, எங்க அப்பா அதை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு ஓடி வந்தாரு. டிபார்ட்மெண்ட் விலாசத்தைப் போடு, கிளாக்கர்கிட்ட உன் போன் நம்பரையும் குடுத்து வை.

ஞாயித்துக்கிழமைக்குள்ள முதல் பந்தியை மட்டும் திரும்ப எழுதி அனுப்பு. அதில மழையும் மில்லிமீற்றரும் பீலித் தண்ணியும் இருக்கணும். இந்த வருஷம் காசு கூடி வரலனா டிசம்பருக்கு முந்தி அடுத்த அப்ஸ்ட்ராக்டை உதவிக் கோரிக்கையோட சேர்த்துப் போடுவோம், அதையும் நான் பார்த்துத் தர்றேன்.

அன்புடன்,
டீச்சர்