அம்மா விழுந்தது ஜூனோவில், வழக்கு மயாமியில்: கெடு ஜூன் 24

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். கோவையிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைச் சென்ற ஆண்டு ஜூனில், சியாட்டிலிலிருந்து கிளம்பும் ஏழு நாள் அலாஸ்கா கப்பலில் கூட்டிப்போனேன். ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கும் படகு உலா. வெளியே நேரடியாக வாங்கியிருந்தால் ஆளுக்கு 40 டாலர் மிச்சம். ஆனாலும் ஏதாவது ஒன்று என்றால் கப்பல் கம்பெனி பொறுப்பேற்கும் என்று நம்பி அவர்களிடமே வாங்கினேன். அவர்களுடைய ஆப்பில் அந்த உலாவுக்கு "எளிது" என்று போட்டிருந்தது. ஜூன் 24 அன்று படகிலிருந்து இறங்கிக் கரைக்கு ஏறும் உலோகச் சாய்பாதையில், மழை ஈரத்தில், 67 வயது அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. "சேலை கட்டிக்கொண்டு வந்தால் இப்படித்தான்" என்று வழிகாட்டி சொன்னதை அம்மா இன்னும் மறக்கவில்லை. கப்பலில் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் பனிமூட்டம் என்று பனியாற்றுக்கும் போகவில்லை. சைவச் சாப்பாடும் சரியில்லை. பத்து மாதமாக மின்னஞ்சல் அனுப்புகிறேன், "பரிசீலனையில் உள்ளது" என்றே பதில் வருகிறது. இப்போது அடுத்த பயணத்துக்கு 750 டாலர் கிரெடிட் தருகிறோம், இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். அம்மாவால் இன்னும் குக்கரைத் தூக்கி இறக்க முடியவில்லை. மருத்துவச் செலவு 21,000 டாலர். அதில் விசிட்டர் இன்சூரன்ஸ் 16,000 கொடுத்தது. கோவை நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், இரண்டு வருஷம் டைம் இருக்கிறது என்கிறார் மாமா. இவர்களைச் சும்மா விட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரு தேதிதான். அம்மா விழுந்தது சென்ற ஆண்டு ஜூன் 24. இந்த ஆண்டு ஜூன் 24-க்குள் சரியான நீதிமன்றத்தில் வழக்கு பதிவாகவில்லை என்றால், கப்பல் கம்பெனி மீது உங்கள் அம்மாவுக்கு இருக்கும் உரிமை அன்றோடு போய்விடும். இன்று மே முதல் வாரம். இருப்பது ஏழு வாரம்.

வழிகாட்டியின் பேச்சு, கேட்காத மன்னிப்பு, போகாத பனியாறு, சாப்பாடு எல்லாவற்றையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள். வானிலையைப் பார்த்து வழியை மாற்றும் உரிமையை உங்கள் பயணச்சீட்டு ஒப்பந்தம் கப்பலுக்குக் கொடுக்கிறது. அதற்கு நஷ்டஈடு கிடையாது. மரியாதைக் குறைவுக்கும் கிடையாது. அம்மாவுக்கு அது வலித்திருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் இவற்றையும் கோரிக்கைக் கடிதத்தில் அடுக்கினால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கோபக்காரப் பயணியின் புகார்க் கடிதமாகத்தான் வாசிப்பார். உடைந்த கை நாலாவது பத்திக்குப் போய்விடும்.

தேதிக்கு வருகிறேன். அமெரிக்கக் கடல்சார் சட்டப்படி உடல் காயத்துக்கு வழக்குப் போடப் பொதுவான கெடு மூன்று ஆண்டு. ஆனால் கப்பல் கம்பெனி அதைப் பயணச்சீட்டு ஒப்பந்தத்தின் மூலம் ஓராண்டாகச் சுருக்கிக்கொள்ள அதே சட்டம் இடம் கொடுக்கிறது. பெரிய கம்பெனிகள் எல்லாமே சுருக்கி வைத்திருக்கின்றன. உங்களுடையதிலும் இருக்கிறது, பார்த்துவிட்டேன். "படிக்கவே இல்லை" என்பது எடுபடாது. ஆன்லைன் செக்-இன் செய்தபோது மூன்று பேருக்கும் சேர்த்து நீங்கள் "சம்மதம்" அழுத்தினீர்கள். அது அம்மாவையும் கட்டுப்படுத்தும். ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதல் வாரமே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள், கப்பல் மருத்துவமனையிலும் பதிவு இருக்கிறது. அறிவிப்புத் தவறினால்கூடச் சில காரணங்களுக்காக மன்னிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. வழக்குப் போடும் கெடுவுக்கு அப்படி ஒரு கருணை இருக்கிறது என்று நினைத்து இருந்துவிடாதீர்கள்.

என்னிடம் வருகிறவர்கள் வழக்கைத் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். "பரிசீலனையில் உள்ளது" என்று வரும் மின்னஞ்சலைப் பேச்சுவார்த்தை என்று நம்புகிறார்கள். பதில் எழுதும் பெண் தன்மையாகப் பேசுகிறார், மருத்துவ பில் கேட்கிறார், எக்ஸ்ரே கேட்கிறார். நாமும் அனுப்புகிறோம். பதினோராம் மாதம் இன்னொரு ஆவணம் கேட்பார். பதின்மூன்றாம் மாதம் ஒரே வரியில் பதில் வரும்: கெடு முடிந்துவிட்டது. நீங்கள் எத்தனை கடிதம் எழுதினாலும் கெடு நிற்காது. அதை நிறுத்த இரண்டே வழி. ஒன்று, வழக்கைப் பதிவு செய்வது. இன்னொன்று, கெடுவை இன்ன தேதி வரை நீட்டிக்கிறோம் என்று கம்பெனியின் சட்டப் பிரிவு கையெழுத்திட்டுத் தரும் ஒப்பந்தம். "கவலைப்படாதீர்கள், கோப்பு திறந்தே இருக்கிறது" என்று போனில் சொன்னதெல்லாம் செல்லாது.

அடுத்த பள்ளம் நீதிமன்றம். விழுந்தது அலாஸ்காவில், நீங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், அம்மா இருப்பது கோவையில். உங்கள் சீட்டில் எழுதியிருப்பது ஃபுளோரிடாவின் மயாமி. இது அநியாயம் என்று பலரும் வாதாடிப் பார்த்தாயிற்று. வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதி ஒன்று லாஸ் ஏஞ்சலஸில் கப்பல் ஏறியது. மெக்சிகோ கரைக்கு அப்பால் கப்பலின் சமையல்கூடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது மனைவி தரைவிரிப்பில் வழுக்கி விழுந்தார். சொந்த ஊரில் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சீட்டில் ஃபுளோரிடா என்று அச்சிட்டிருக்கிறது, அங்கேதான் போட வேண்டும் என்று 1991-இல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. கார்னிவல் எதிர் ஷூட் என்ற அந்த வழக்கு இன்றும் ஆள்கிறது.

மயாமி என்று தெரிந்துகொண்டவர்களும் தப்புவதில்லை. அங்கே மாநில நீதிமன்றமும் உண்டு, கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றமும் உண்டு. உங்கள் ஒப்பந்தம் கேட்பது கூட்டாட்சி நீதிமன்றத்தை. சாலை விபத்து வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவர் வழக்கமாகப் போகும் மாநில நீதிமன்றத்தில் கடைசி வாரம் பதிவு செய்கிறார். கம்பெனி ஒரு மாதம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, இடம் தவறு என்று மனுப் போடுகிறது. அதற்குள் கெடு தாண்டிவிடுகிறது. பிறகு நீதிபதியின் இரக்கத்தை நம்பி வாதாட வேண்டியதுதான், அது கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு. ஆகவே பயணிகள் கப்பல் வழக்குகளையே தொழிலாக நடத்தும் மயாமி வக்கீலைத் தேடுங்கள். நியூ ஜெர்சி நண்பரின் வக்கீல் வேண்டாம்.

மாமா சொல்லும் இரண்டு வருஷம் இந்திய நுகர்வோர் சட்டத்தின் கணக்கு. நீங்கள் நியூ ஜெர்சியில் உட்கார்ந்து அமெரிக்க கம்பெனியிடம் டாலரில் வாங்கிய சீட்டு இது. கோவையில் மனுப் போட்டு, அது ஏற்கப்படுமா என்று வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும்போதே ஜூன் 24 தாண்டிவிடும்.

இனி அந்த 40 டாலர். கப்பலிடம் வாங்கியதால் பொறுப்பும் கப்பலுடையது என்று நினைத்தீர்கள். கூடுதல் விலைக்கு நீங்கள் வாங்கியது வேறு: உலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும். இதுவும் சின்ன விஷயம் அல்ல. ஜூனோவிலிருந்து வெளியூருக்குச் சாலையே கிடையாது, விமானம் அல்லது ஃபெர்ரிதான். சியாட்டிலில் வெளிநாட்டில் பதிவான கப்பலில் ஏறி ஜூனோவில் நின்றுவிட்டால், அப்படிப்பட்ட கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணியை இன்னொன்றில் விட்டுவிடக் கூடாது என்ற 1886-ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சட்டப்படி கப்பலுக்கு அபராதம் வரலாம். அதை உங்கள் கார்டில் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது. இந்த ஆண்டு அலாஸ்கா போக இருப்பவர்கள் துறைமுக நாளைத் திட்டமிடும்போது இந்தக் காரணத்துக்காகக் கப்பலிடமே வாங்குங்கள், சரி. விபத்துப் பொறுப்புக்காக வாங்காதீர்கள். உலாவை நடத்துகிறவர் தனி ஒப்பந்ததாரர், அவர் தவறுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. நீதிமன்றங்கள் அதைப் பெரும்பாலும் ஏற்கின்றன.

ஆனால் தன்னுடைய கவனக்குறைவைக் கம்பெனி இப்படிக் கழுவிக்கொள்ள முடியாது. உங்கள் வழக்கு நிற்பது இந்த இடுக்கில்தான். ஆப்பில் "எளிது" என்று எழுதியது உள்ளூர்ப் படகுக்காரர் அல்ல, கப்பல் கம்பெனி. ஜூனோவில் திமிங்கிலப் படகுகள் கிளம்பும் ஆக்கே விரிகுடாவில் கடல் மட்டம் ஒரே நாளில் 20 அடிக்கு மேல் ஏறி இறங்குவதும் உண்டு. படகு கட்டுவது மிதக்கும் மேடையில். கரை அசையாது, மேடை தண்ணீரோடு சேர்ந்து இறங்கும். நீர் ஏறி நிற்கும்போது சாய்பாதை கிட்டத்தட்டச் சமதளம், வற்றியிருக்கும்போது அதே பாதை செங்குத்தான ஏற்றம். சீசன் முழுக்க அங்கே ஆள் அனுப்பும் கம்பெனிக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தும் 67 வயதுப் பயணிக்கு "எளிது" என்று விற்றதா, எச்சரித்ததா என்பதுதான் கேள்வி. படகு கரை தொட்ட நேரம் உங்கள் போன் படத்தில் நிமிடக் கணக்காக இருக்கும். அந்த நேரத்துக்கு ஜூனோவில் கடல் மட்டம் எத்தனை அடி என்பது அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தின் பொதுப் பதிவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் அம்மா ஏறிய ஏற்றம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். நீர் உயர்ந்திருந்த நேரம் என்று பதிவு காட்டினால் உங்கள் வழக்கு மெலிந்துவிடும், அதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. "எளிது" என்று காட்டிய அந்தப் பக்கம் இன்னும் உங்கள் ஆப்பில் இருந்தால் இன்றே படம் பிடியுங்கள். பயணம் முடிந்துவிட்டதால் அது எப்போது வேண்டுமானாலும் மறைந்துவிடலாம். உறுதிப்படுத்தி வந்த மின்னஞ்சலைத் தேடுங்கள்.

படகுக் கம்பெனி மீது தனியாகப் போடலாமே, அலாஸ்காவில் காயத்துக்கு இரண்டு ஆண்டு கெடு இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பித் தூங்க வேண்டாம். கப்பல் ஒப்பந்தத்தின் பாதுகாப்பு உலா நடத்துகிறவர்களுக்கும் உண்டு என்று ஒரு பிரிவு அதிலேயே இருக்கிறது, ஓராண்டு கெடு எங்களுக்கும் பொருந்தும் என்று அவர்கள் வாதாடுவார்கள். தவிர, அலாஸ்காவில் மட்டும் தொழில் செய்யும் கம்பெனியை மயாமி நீதிமன்றத்துக்கு இழுப்பது கடினம். இரண்டு ஊரில் இரண்டு வழக்கு என்றால் செலவும் இரண்டு மடங்கு.

அந்த 750 டாலர் படிவம்: கையெழுத்து வேண்டாம். இரண்டாவது பத்தியைப் படியுங்கள். தெரிந்த, தெரியாத அனைத்துக் கோரிக்கைகளையும் கைவிடுகிறேன் என்று இருக்கிறது. மீண்டும் அவர்கள் கப்பலில் ஏறினால்தான் பயன்படும் கிரெடிட்டுக்காக அம்மாவின் முழு உரிமையையும் எழுதிக்கொடுப்பதாகும். அதுவும் அந்த உரிமை உங்களுடையது அல்ல, அம்மாவுடையது. வக்கீல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு என் ஆலோசனை: சமரசமாக முடியுங்கள். வழக்கு விசாரணைக்குப் போனால் அம்மா மயாமிக்கு வர வேண்டியிருக்கும், விசா செல்லுபடியாக இருக்க வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீல் மணிக்கணக்கில் கேள்வி கேட்பார். சேலையையும் செருப்பையும் பற்றி நிச்சயம் கேட்பார், ஏனென்றால் விழுந்தவரின் பங்கு இத்தனை சதவீதம் என்று காட்டினால் அந்த அளவுக்குத் தொகை குறையும். பணக் கணக்கையும் பாருங்கள். 30,000 டாலருக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். வக்கீலுக்கு மூன்றில் ஒரு பங்கு 10,000. இன்சூரன்ஸ் கம்பெனி தான் கொடுத்த 16,000-ஐத் திருப்பிக் கேட்கும், பாலிசியில் அந்த உரிமை இருக்கும். மீதி 4,000, நீங்கள் கையிலிருந்து போட்ட 5,000-கூடத் திரும்பவில்லை. ஆகவே வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது, "எவ்வளவு வாங்கித் தருவீர்கள்" என்று அல்ல. "இன்சூரன்ஸ்காரரிடம் பேசி அவர் பங்கை எவ்வளவு குறைப்பீர்கள்" என்று கேளுங்கள். அதை எழுத்தில் முடிக்காமல் சமரசத்தில் கையெழுத்துப் போட்டு, வந்த பணத்தை அப்படியே இன்சூரன்ஸுக்குக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொகையை உயர்த்தக்கூடியது ஒன்றுதான்: கையின் இன்றைய நிலை. அம்மாவால் இன்னும் குக்கரைத் தூக்கி இறக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே வக்கீலிடம் சொன்னால் போதாது. கோவையில் எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். மணிக்கட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, திரும்புகிறது, பிடிவலு இடது கையோடு ஒப்பிட்டால் எவ்வளவு, இனி தேறுமா என்று அளந்து லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். புதிய எக்ஸ்ரேயும் வேண்டும்.

அம்மாவின் கையெழுத்தோடு மயாமி வக்கீலை இந்த வாரமே அமர்த்த வேண்டும். அவர் முதலில் அனுப்பும் கடிதத்தில் கெடு நீட்டிப்பையும் சேர்த்துக் கேட்கட்டும். ஜூன் 10-க்குள் கையெழுத்திட்ட நீட்டிப்பு கைக்கு வரவில்லை என்றால், பேச்சு எந்த நிலையில் இருந்தாலும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவுக் கட்டணம் 405 டாலர். சமரசப் பேச்சு அதற்குப் பிறகும் நடக்கும்.