தோளில் செல் துண்டு இருக்கிறது, எம்.ஆர்.ஐ எடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது, கடற்தொழில். இரண்டு மாதத்துக்கு முன் திடீரென்று வலிப்பு வந்தது. சி.டி ஸ்கேனில் மூளையில் இரத்தக்குழாய்கள் பின்னிக் கிடப்பதுபோல் தெரிகிறதாம். இப்போது எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு ஸ்கேன் போதாதா? யுத்தகாலத்தில் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்று இன்னும் தோளுக்குள் இருக்கிறது. திரும்பக் கடலுக்குப் போகலாமா என்றும் கேட்கிறார். (வாசகி, நிலாவெளி)

பதில்: சகோதரி, செல் துண்டைப் பற்றி நீங்களாகவே எழுதியது பெரிய காரியம். எங்கள் பக்கத்தில் பலர் இதை மறந்தே போகிறார்கள். ஒருவர் 'உடம்பில் இரும்பு இல்லை' என்று படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, சட்டை மாற்றும்போது முதுகுத் தழும்பைத் தடவிக்கொண்டே, "டொக்டர், இது செல். இதையும் சொல்லவேணுமா?" என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டும். 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) மெஷினின் காந்தம், படகில் உள்ள திசைகாட்டி முள்ளை இழுக்கிற பூமிக் காந்தத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமை. மெஷின் சத்தமில்லாமல் இருக்கும்போதும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். உள்ளே கிடக்கும் இரும்பு அசையலாம், சூடாகலாம்.

அதற்காக எம்.ஆர்.ஐ முடியவே முடியாது என்றில்லை. முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே, எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். பல வருடமாகத் தசைக்குள் இறுகிப்போன துண்டென்றால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். கண்ணுக்குள்ளோ பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால்தான் பயம். வெல்டிங், கிரைண்டர் வேலை செய்தவரானால் கண்ணுக்குள் இரும்புத் தூள் தெறித்திருக்கலாம், அதையும் சொல்லுங்கள். முடிவு கதிரியக்க வைத்தியருடையது.

சி.டி ஏன் போதாது? தம்பலகாமத்து வயல்களை நினைத்துப் பாருங்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் துருசால் வந்து, பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால் என்று பிரிந்து, வேகம் அடங்கித்தான் வயலுக்குள் இறங்கும். மூளையிலும் இரத்தத்தைக் கொண்டுவரும் நாடிக்கும் கொண்டுபோகும் நாளத்துக்கும் நடுவே மயிர்த்துளைக் குழாய்கள் அப்படித்தான் வேகத்தை அடக்குகின்றன. சிலருக்கு ஓரிடத்தில் அந்தச் சின்ன வாய்க்கால்கள் இருக்காது. நாடி நேரே நாளத்துக்குள் கொட்டும். மெல்லிய நாளச் சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டியிருக்கிறது. உங்கள் கணவருக்குச் சந்தேகப்படுவது இதுவாக இருக்கலாம்.

எம்.ஆர்.ஐயில் இந்த இரத்தக்குழாய் முடிச்சு கறுப்புப் புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் தெரியும். மெஷின் வானொலி அலையால் தட்டி எழுப்பிய இரத்தம், அதன் பதிலைக் கேட்குமுன்பே ஓடிப்போய்விடுவதால் அந்த இடம் கறுப்பாகிறது. எந்தக் குழாய் கொண்டுவருகிறது, எது கொண்டுபோகிறது, பேச்சுக்கும் கைகாலுக்கும் உரிய பகுதி எவ்வளவு கிட்ட என்பதெல்லாம் படத்தில் வரும். முன்பு தெரியாமல் கசிந்திருந்தால், இரத்தத்தின் இரும்பு விட்டுப்போன கறையைக்கூட ஒருவகைப் படம் காட்டிக்கொடுக்கும். சி.டியில் உள்ள எக்ஸ்ரே கதிர்வீச்சும் இதில் இல்லை.

முடிச்சு 3 சென்ரிமீற்றருக்குக் குறைவா, 6ஐத் தாண்டியதா, முக்கிய இடத்திலா, ஆழமான நாளத்தில் வடிகிறதா என்று பார்த்துப் புள்ளி போடுகிற முறை 1986இலிருந்து இருக்கிறது. சத்திரசிகிச்சை எவ்வளவு ஆபத்து என்பதற்கான கணக்கு அது. அதற்கும் முன்னால், தொடையிடுக்கு வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் அஞ்சியோகிராம் என்ற இரத்தக்குழாய்ப் படமும் பெரும்பாலும் தேவைப்படும். இரத்தம் எந்த ஒழுங்கில் பாய்கிறது என்பதை அதுபோல வேறெதுவும் காட்டாது. கவெர்னோமா என்ற வேறொரு வகை மட்டும் அதில் தெரியாது, எம்.ஆர்.ஐயில்தான் பொரிச்சோளம்போலத் தெரியும்.

படம் தெளிவாகத் தெரியக் காடோலினியம் மருந்தூசி போடுவதாக இருந்தால் முதலில் கிரியேட்டினின் பரிசோதனை செய்து சிறுநீரகத்தைப் பார்ப்பார்கள். படம் எடுக்க அரை மணி, முக்கால் மணி ஆகும். தகரத்தில் அடிக்கிற மாதிரிச் சத்தம் வரும், காதுக்கு அடைப்பான் தருவார்கள்.

இப்படியான முடிச்சு உள்ள 100 பேரில் ஆண்டுக்கு 2 முதல் 4 பேருக்கு இரத்தம் கசியும் என்பது பொதுவான கணக்கு. ஒருபோதும் கசியாததை உடனே தொடவேண்டுமா என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. ஆகவே படம் வந்த அன்றே 'வெட்டவேணும்' என்று யாரும் சொல்லாவிட்டால் குழம்பவேண்டாம். திடீரென்று தாங்கமுடியாத தலையிடி, வாந்தி, நாக்குக் குழறல், கைகால் சோர்வு வந்தால் மட்டும் ஒரு நிமிடமும் காத்திராமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். வலிப்பு மாத்திரையை நிறுத்தக்கூடாது. அஸ்பிரின் தானாக வாங்கிப் போடவும் கூடாது.

கடல்? இப்போதைக்கு வேண்டாம். சுழியோடுவது அறவே வேண்டாம், துணைக்கு ஆள் இருந்தாலும் படகில் ஏறவேண்டாம். நடுக்கடலில் வலிப்பு வந்தால் தூக்க ஆள் இருந்தும் பயனில்லை. கிளினிக்கில் சரி என்று சொல்லும்வரை கரையிலிருந்து வலை பொத்தட்டும்.