காற்று எந்தப் பக்கம்?
பயணக் கேள்வி–பதில்

(காடு, மலை, ஊர் சுற்றல் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, முப்பது வருடம் நில அளவையில் சங்கிலி இழுத்து ஓய்வுபெற்ற ஒருவரின் பதில்கள்.)

கே: வேட்டைக்குப் போயிருக்கிறேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்கள். எங்கே போனீர்கள்? சுட்டீர்களா, இல்லையா?

ப: ஸ்காட்லாந்தின் வடக்கு மலைகள், செப்டம்பர் மாதம். ரெட் டீர் என்ற பெரிய மான். சுட்டது நானில்லை, கூட வந்த நண்பர். அதுவும் இரண்டாம் நாள். ஆனால் கதை முதல் நாளில்தான் இருக்கிறது.

அங்கே நாயும் கிடையாது, கூச்சலும் கிடையாது. ஸ்டாக்கர் என்று ஒருவர் முன்னால் போவார். அந்த மலையில் எந்தப் பள்ளத்தில் எப்போது மான் படுக்கும் என்பது வரை அவருக்குத் தெரியும். அவர் குனிந்தால் குனிய வேண்டும், படுத்தால் படுக்க வேண்டும். துப்பாக்கி உறையில், அவர் தோளில்தான் இருக்கும். எங்கள் ஸ்டாக்கர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் ஆட்டு ரோமத்தைப் பிய்த்துக் காற்றில் விடுவார். அது போகிற திசையைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் நடப்பார். அசையாமல் இருந்தால் மானின் கண்ணைக்கூட ஏமாற்றிவிடலாம், மூக்கை முடியாது.

எதிரே தெரிந்த கூட்டம் நேராகப் போனால் அரை மைல். காற்று முகத்தில் அடிக்கும்படி சுற்றிக்கொண்டு நாங்கள் நடந்தது மூன்று மைலுக்கு மேல். கடைசி இருநூறு கஜம் ஓடைக்குள் வயிற்றால் ஊர்ந்தோம். அதை மண் என்று சொல்ல முடியாது. பீட் என்று தண்ணீர் குடித்த கறுப்புச் சொதசொதப்பு. முழங்கையை ஊன்றினால் உள்ளே போய்விடும்.

சரி, வந்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் என் பின்கழுத்து சில்லென்றது. காற்று திரும்பிவிட்டது. மேட்டில் நின்ற கிழப் பெண் மான் தலையைத் தூக்கி, நாய் இருமுவது போல ஒரே ஒரு குரைப்பு குரைத்தது. நாற்பது மான்கள் முகட்டைத் தாண்டி மறைய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஸ்டாக்கர் மல்லாந்து படுத்து, சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் அழுகை வராத குறை.

கே: பாவமாக இல்லையா?

ப: இருந்தது. இரண்டாம் நாள் ஆண் மான் விழுந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சேற்றில் புரண்டு பிடரியெல்லாம் கறுத்திருந்தது. கொம்பின் நுனிகள் மட்டும் தேய்த்துத் துலக்கினது போல வெள்ளை. விலாவில் கை வைத்தேன், நல்ல சூடு. ஸ்டாக்கர் அங்கேயே வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்தார். ஈரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நோய் எதுவும் உண்டா என்று. குடல் காக்கைக்கும் கழுகுக்கும் அங்கேயே விடப்பட்டது. உடல் ஆற ஆற, ரோமத்துக்குள்ளிருந்து உண்ணிகள் வெளியே வர ஆரம்பித்தன. அப்போதுதான் கையை எடுத்தேன். அந்த வீடு இனி வாழ ஆகாது என்று என்னைவிட அவற்றுக்கு முன்னால் தெரிந்துவிட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த மலைகளில் ஓநாய் ஒழிந்து சில நூற்றாண்டுகள் ஆகின்றன. மானைக் குறைக்க வேறு யாரும் இல்லை. முளைக்கிற மரக்கன்றையெல்லாம் அவை மேய்ந்துவிடுகின்றன. வேலி போட்ட இடத்தில் மட்டும் பைன் மரம் நிற்பதை நானே பார்த்தேன். முன்பு ஆண் மானை ஜூலை 1 முதல் அக்டோபர் 20 வரைதான் சுடலாம். 2023-இல் அந்தக் காலவரம்பையே எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்தபிறகும் அந்தச் சூடு கையில் இருக்கத்தான் செய்கிறது.

கே: துப்பாக்கி வேண்டாம், அந்த மலைகளில் நடக்க மட்டும் ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா? எந்த மாதம் நல்லது?

ப: நடப்பதற்கு அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்பாக நடந்துகொண்டால், தனியார் நிலத்திலும் நடக்கலாம், கூடாரம் போடலாம். வேட்டை இதில் சேராது, அதற்கு நிலக்காரரின் அனுமதி வேண்டும். மே அல்லது செப்டம்பரில் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் மிட்ஜ் என்ற பொடிப் பூச்சி மொய்த்துத் தள்ளும். காற்றடித்தால் அதனால் பறக்க முடியாது. அதனால் கூடாரத்தைப் பள்ளத்தில் போடாமல் காற்றுப்படும் மேட்டில் போடுங்கள்.

கே: திசைகாட்டி எப்போதாவது உங்கள் காலை வாரியிருக்கிறதா? என்னுடையது மலையில் தாறுமாறாகக் காட்டியது.

ப: என் மானத்தை வாங்குகிற கேள்வி. அதே ஸ்காட்லாந்து மலையில் திடீரென்று மூடுபனி இறங்கியது. நான் யார் என்று காட்டிவிடலாமே என்று பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து, ஸ்டாக்கர் பக்கத்தில் நின்று வடக்கைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் தோளில் இருந்தது முழத்துக்கு மேல் நீளமான இரும்புக் குழாய். நான்கடி விலகிப் போனதும் முள் முப்பது டிகிரி திரும்பியது. ‘சங்கிலியைத் தள்ளிப் போட்டுவிட்டு முள்ளைப் பார்’ என்று எத்தனை பையன்களைத் திட்டியிருப்பேன்! உங்கள் விஷயத்தில் சந்தேகப்பட வேண்டியது செல்போனையும் பையின் காந்தக் கொக்கியையும்தான்.

கே: மலை ஏற எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடியுமா?

ப: நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொன்ன கணக்குதான் எனக்கு. மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். அவர் நல்ல ஆரோக்கியமான ஆள். எனக்கு அதில் பாதியைக் கூட்டிக்கொள்கிறேன்.

கே: ஐம்பது வயதில் முதல்முறையாகத் தனியாக ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறேன். தொலைந்துவிடுவேனோ என்று பயம்.

ப: டோக்கியோவில் நான் தொலைந்ததைச் சொன்னால் பயம் போகலாம். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பேட்டை, அதற்குள் கட்டம், கட்டத்துக்குள் கட்டடம் என்று எண் போகிறது. பழைய முறையில் வீடுகளுக்குக் கட்டிய வரிசைப்படி எண் கொடுத்தார்களாம். அதனால் 3-க்குப் பக்கத்தில் 17 நிற்கலாம். வாழ்நாளெல்லாம் சர்வே எண்ணோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது பரம சந்தோஷம். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு, மழையில், தங்கும் விடுதியைத் தேடும்போது சந்தோஷம் வரவில்லை.

கோபான் என்று மூலைக்கு மூலை சின்னப் போலீஸ் சாவடி இருக்கிறது. வழி சொல்வது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. உள்ளே போனேன். இளைஞர் ஒருவர் சுவரில் இருந்த பெரிய வரைபடத்தில் விரலால் கட்டம் கட்டமாக நகர்ந்து, என் விடுதியில் விரலை நிறுத்தினார். அப்புறம் வாசலுக்கு வந்து எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். சாவடியிலிருந்து அறுபது அடி இருக்கும். நான் மூன்று முறை அதைக் கடந்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டேன். யாமனோடே என்ற வட்ட ரயிலில் ஒரு முழுச் சுற்று உட்கார்ந்து வந்தேன், ஏறக்குறைய ஒரு மணி நேரம். 34.5 கிலோமீட்டர், 30 நிலையம். ஆக ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் சராசரி ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிடித்த நிலையத்தில் இறங்கி அடுத்த நிலையம் வரை நடந்தேன். எங்கே தடுமாறினாலும் அந்த வட்டம் பக்கத்தில்தான் இருக்கும்.

கே: வெனிஸில் நாங்கள் இரண்டு நாளும் வழி தவறினோம். எங்கள் தப்பா, ஊரின் தப்பா?

ப: ஊரின் தப்பு. வீட்டு எண் தெருவாரியாக இல்லை, ஆறு பகுதிகளில் பகுதிவாரியாக, ஆயிரக்கணக்கில் ஓடுகிறது. ரியால்டோ பாலத்துக்கு ஒரே சுவரில் இடமும் வலமும் அம்பு போட்டிருப்பார்கள். இரண்டும் சரி!

கே: தனியாகப் போய் ஏமாந்ததுண்டா?

ப: இஸ்தான்புல்லில். செருப்புக்குப் பாலிஷ் போடுகிறவர் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவர் பெட்டியிலிருந்து பிரஷ் விழுந்தது. ஓடிப் போய் எடுத்துக் கொடுத்தேன். நன்றிக்கடன் என்று வலுக்கட்டாயமாக என் ஷூவைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் நன்றிக்கு விலை கேட்டார், கறாராக. கொடுத்துவிட்டேன். மறுநாள் படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால், அதே பிரஷ் இன்னொருவர் முன்னால் விழுகிறது. எனக்கு அந்தக் கிழப் பெண் மான் ஞாபகம் வந்தது. நான் நகரத்தைப் பார்க்கிறேன் என்று நினைத்து நடந்திருக்கிறேன். அதற்குள் என் தொப்பியும், கழுத்தைத் தூக்கித் தூக்கிக் கோபுரம் பார்த்த நடையும் அவருக்கு இருநூறு கஜத்துக்கு முன்பே வாடை காட்டிவிட்டன.

அதற்கப்புறம் எந்த நகரத்திலும் முதல் அரைமணி நேரம் நடப்பதில்லை. சுவரோரம் உட்கார்ந்து, அந்த ஊர்க்காரர்கள் என்ன வேகத்தில் நடக்கிறார்கள், தெருவை எங்கே கடக்கிறார்கள், எதை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று கவனிப்பேன்.

கே: தனியாகப் போனால் உங்களை யார் போட்டோ எடுப்பார்கள்?

ப: யாரும் இல்லை. அந்த நிம்மதிக்காகவே போகலாம்.

கே: பையில் தவறாமல் இருக்கிற பொருட்கள்?

ப: தங்கும் இடத்தின் பெயரை அந்த ஊர் எழுத்தில் எழுதின சீட்டு. பென்சில். ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ், பிளாஸ்டிக் பையில் சுற்றி. அப்புறம் அந்த ஸ்டாக்கர் கொடுத்த ஆட்டு ரோமம் கொஞ்சம். இஸ்தான்புல் படகின் மேல்தளத்தில் ஒருமுறை அதைப் பிய்த்துக் காற்றில் விட்டுப் பார்த்தேன். நேரே போய்ப் பக்கத்து ஆளின் தேநீரில் விழுந்தது.