கோழிக்குக் குடற்புழு: டானிக் எப்போது, மருந்து எப்போது?

நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் கேட்டவற்றில் குடலைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா, ஒரு மாதக் குஞ்சுகள் இரத்தமாகக் கழிகின்றன. மருத்துவர் ஆம்ப்ரோலியம் கொடுக்கச் சொன்னார். தெம்புக்கு பி காம்ப்ளெக்ஸும் அதே தண்ணீரில் கலக்கட்டுமா?

வேண்டாம் தம்பி. நானும் ஆரம்பத்தில் இதே தப்பைச் செய்தவன்தான். இரத்தக்கழிச்சல் புழுவால் வருவதில்லை, காக்சிடியா என்ற ஓரணு உயிரியால் வருகிறது. அதற்கு வளர பி1 வைட்டமின் வேண்டும். ஆம்ப்ரோலியம் பி1 போலவே வேடமிட்டு உள்ளே போய், அதைப் பட்டினி போடுகிறது. பி காம்ப்ளெக்ஸில் இருக்கும் நிஜ பி1-ஐயும் நாம் ஊற்றினால் அந்த உயிரிக்குத்தான் விருந்து, மருந்தின் வேகம் குறைந்துவிடும். மருந்து நாட்கள் முடிந்த பிறகு பி காம்ப்ளெக்ஸ் கொடுங்கள். வைட்டமின் ஏ, கே இரண்டுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. இரத்தம் உறைய கே உதவும், குடலின் உள்தோல் தேற ஏ வேண்டும். கூடவே ஈரக் கூளத்தை அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால், எச்சத்தில் வெளிவரும் காக்சிடியா முட்டை இரண்டே நாளில் அடுத்த குஞ்சைத் தாக்கத் தயாராகிவிடும்.

கேள்வி: எச்சத்தில் அரிசி போல வெள்ளையாக ஏதோ நெளிகிறது. பைபரசின் என்ற புழு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை.

அது நாடாப்புழுவின் துண்டு. பைபரசின் பெரிய உருண்டைப்புழுவுக்குத்தான் கேட்கும். எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், பிராசிகுவாண்டல் மாதிரி வேறு மருந்து எழுதித் தருவார்கள். எறும்பு, வண்டு, ஈ இவற்றைத் தின்றுதான் கோழிக்கு நாடாப்புழு வருகிறது. அதனால் எருக்குழி கூண்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

கேள்வி: தயிர் கொடுத்தால் குடலுக்கு நல்லதாமே?

கொஞ்சமாகக் கொடுக்கலாம். பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் கோழிக்கு மிகக் குறைவு. பால் கொடுத்தால் கழியும். தயிர் புளித்திருப்பதால் அவ்வளவு தொந்தரவில்லை. ஆனால் தயிர் புழுவை வெளியேற்றாது.

கேள்வி: வேப்பிலை, குப்பைமேனி, பூண்டு அரைத்து உருண்டை பிடித்துப் போடுகிறோம் ஐயா. போதாதா?

எங்கள் வீட்டிலும் போடுவோம், நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு துருத்தி நிற்கிற கோழிக்கு அதை மட்டும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது. முதலில் புழு மருந்து. அப்புறம் தேற்ற முருங்கைக்கீரை, மஞ்சள் மக்காச்சோளம், கருவாட்டுத்தூள். வைட்டமின் ஏ குறைந்த கோழியில் உருண்டைப்புழு அதிகமாகத் தங்கும் என்பதால் அந்தக் கீரை வெறும் அழகுக்கல்ல.

கேள்வி: வெள்ளையும் பச்சையுமாகக் கழிகிறது, கழுத்தும் திருகுகிறது. புழுவா?

இல்லை, அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். வைரஸ் நோய், டானிக்கில் நேரத்தை வீணாக்காதீர்கள். தனியே பிரித்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கோழிகள் நன்றாக இருக்கிற மற்றவர்களுக்கு: இந்த நோய்க்குத் தடுப்பூசி போடுவதற்கு ஒரு வாரம் முன்பே குடற்புழு நீக்கிவிடுங்கள்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தும் மறுபடி புழு வருகிறதே?

மருந்து கோழியின் வயிற்றைத்தான் சுத்தம் செய்கிறது, உங்கள் மண்ணை அல்ல. உருண்டைப்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கிருமிநாசினிக்கும் லேசில் மசியாது. மேயும் இடத்தை மாற்றுங்கள், தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள்.