ஆட்டோடெஸ்கின் ஃபியூஷன் (முன்பு ஃபியூஷன் 360) மென்பொருள் தரும் ஃபேனக் புரோகிராமை ஒவ்வொரு முறையும் கையால் திருத்த வேண்டியிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் போஸ்ட் பிராசஸரை மாற்ற முடியுமா?

முடியும். போஸ்ட் பிராசஸர் (சுருக்கமாகப் போஸ்ட்) என்பது ஃபியூஷனின் டூல்பாத்தை உங்கள் மெஷினுக்குப் புரியும் ஜி கோடாக எழுதித் தரும், ஜாவாஸ்கிரிப்டில் உள்ள கோப்பு. நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: மூன்று அச்சு வி.எம்.சி (செங்குத்து மில்லிங் மெஷின்), அதை இயக்கும் ஃபேனக் 0i கன்ட்ரோலர், குடை மாதிரி சுற்றும் ஏ.டி.சி (தானாக டூல் மாற்றும் அமைப்பு). டூல் மாற்றியதும் வரும் அடுத்த டூலின் டி (T) எண்ணை அழிக்கிறீர்கள், டூலை மேலே தூக்கும் ரிட்ராக்ட் வரியை மாற்றுகிறீர்கள், ஏர் புளோவுக்கு (காற்று ஊதுவதற்கு) எம் கோட் சேர்க்கிறீர்கள். இதில் முதல் இரண்டுக்கும் கோடைத் தொடவே வேண்டாம். மூன்றாவதுக்கு ஓர் எண்ணை மாற்றினால் போதும். நண்பர் ஒருவர் போஸ்டில் ஒரு வரி சேர்த்துக் கொடுத்த பிறகு எக்ஸ், ஒய் எங்கோ போகிறது என்று கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, உண்மையான சிக்கல் அதுதான். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மேனேஜ் தாவலில் போஸ்ட் லைப்ரரியைத் திறந்து, ஆட்டோடெஸ்க் தரும் ஃபேனக் போஸ்டை நகலெடுத்து லோக்கல் ஃபோல்டரில் ஒட்டுங்கள். பெயரில் மெஷினின் பெயரும் தேதியும் இருக்கட்டும். ஒரே கடையில் இரண்டு வி.எம்.சி இருந்தால் இரண்டு போஸ்ட் வையுங்கள். ஒன்றையே இரண்டுக்கும் பொதுவாக வளைக்கப் பார்ப்பது பின்னால் வம்பு.

இனி என்.சி புரோகிராம் பெட்டியின் வலப்பக்கம் இருக்கும் பிராப்பர்ட்டி பட்டியலைப் பொறுமையாக ஒருமுறை படியுங்கள். பலர் இதைப் பார்க்காமலே நேராகக் கோடுக்குள் இறங்கிவிடுகிறார்கள். ‘ப்ரீலோட் டூல்’ என்பதை நீக்கினால் அடுத்த டூலின் டி வராது. கை வைத்த ஏ.டி.சி.யில் ஸ்பிண்டில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே டூல்கள் இருக்கும் மேகசின் சுற்றி அடுத்த டூலைத் தயாராக வைக்கலாம். குடை வகையில் அது சரிவராது. ஸ்பிண்டிலில் இருக்கும் டூல் அதன் சொந்தப் பாக்கெட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதால் அந்தக் காலிப் பாக்கெட் எதிரே நிற்க வேண்டும். முன்கூட்டியே டி கொடுத்தால் சில மெஷின் அலாரம் அடிக்கும், சில சும்மா ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்பும். ‘சேஃப் ரிட்ராக்ட்’ என்பதில் ஜி28 (ஹோம் போவது), ஜி53 (மெஷினின் சொந்த அளவில் போவது), கிளியரன்ஸ் உயரம் என்று தேர்வு இருக்கும். வரிசை எண், எம்01 (விருப்ப நிறுத்தம்), ரிஜிட் டேப்பிங்கின் எம்29, ஆர்க்கை (வளைவை) மையம் சொல்லும் ஐ-ஜே-யில் கொடுப்பதா ஆரம் சொல்லும் ஆரில் (R) கொடுப்பதா எல்லாமே இங்கேயே இருக்கின்றன.

ஏர் புளோவுக்கு போஸ்ட் கோப்பைத் திறக்க வேண்டும். அது .சி.பி.எஸ் என்று முடியும் சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான். நோட்பேடைவிட வி.எஸ். கோட் எடிட்டரில், ஆட்டோடெஸ்கின் போஸ்ட் பிராசஸர் எக்ஸ்டென்ஷனைப் போட்டுத் திறப்பது நல்லது. அதிலேயே மாதிரி டூல்பாத் கோப்புகள் இருக்கும். ஃபியூஷனுக்குப் போகாமலே போஸ்டை ஓட்டிப் பார்க்கலாம். வெளிவந்த ஜி கோடின் ஒரு வரியைச் சொடுக்கினால் போஸ்டின் எந்த வரி அதை எழுதியது என்று காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் தெரியாதவருக்கு இந்த ஒரு வசதியே பாதிப் படிப்பு. கோப்பின் மேல்பகுதியில் ‘கூலன்ட்ஸ்’ என்ற பட்டியல் இருக்கும். ஃபிளட் என்றால் 8, த்ரூ டூல் என்றால் 88, அணைக்க 89 என்று வரிசையாக இருக்கும். ‘கூலன்ட் ஏர்’ வரியில் ஆன், ஆஃப் எண்களைப் போட்டு, ஃபியூஷனில் அந்த டூலின் கூலன்டை ஏர் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. அந்த எண்ணை ஃபேனக் புத்தகத்தில் தேடாதீர்கள். பெரும்பாலான எம் கோடுகளை மெஷின் செய்த கம்பெனிதான் லேடரில் (மெஷினின் உள் கட்டுப்பாட்டு நிரலில்) எழுதுகிறது. அவர்கள் கொடுத்த எம் கோட் பட்டியலே இதற்கு ஆதாரம்.

இப்போது அந்த ரிட்ராக்ட் வரி. போஸ்ட் வெறுமனே எழுத்துகளைத் துப்பும் யந்திரம் இல்லை. மெஷின் இப்போது ஜி90-இலா (ஜீரோவிலிருந்து அளப்பது) ஜி91-இலா (நிற்கும் இடத்திலிருந்து அளப்பது), ஜி0-வா (ரேப்பிட், வெட்டாத வேக ஓட்டம்) ஜி1-ஆ (வெட்டும் ஓட்டம்), இசட் எங்கே நிற்கிறது, கூலன்ட் ஓடுகிறதா என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஏற்கனவே அமலில் இருப்பதை மறுபடி எழுதாது. அதனால்தான் புரோகிராமில் ஒவ்வொரு வரியிலும் ஜி1 வருவதில்லை. உங்கள் நண்பர் ‘ரைட்எல்என்’ என்ற கட்டளையில் ‘ஜி91 ஜி28 இசட்0.’ என்று நேராக எழுதியிருப்பார். அடுத்து போஸ்ட் ஜி90 கொடுக்க வேண்டிய இடத்தில், ‘ஏற்கனவே ஜி90-இல்தானே இருக்கிறோம்’ என்று எழுதாமல் விட்டுவிடும். மெஷினோ ஜி91-இலேயே நிற்கிறது. அடுத்து வரும் எக்ஸ்120. ஒய்45. என்பதை நிற்கும் இடத்திலிருந்து 120, 45 மி.மீ. தள்ளிப் போவதாக எடுத்துக்கொள்ளும். கல்லாவிலிருந்து பணம் எடுத்துவிட்டு நோட்டில் எழுதாமல் விட்ட கதை.

பயந்துபோய் ஜி91-ஐ நீக்கிவிட்டு ‘ஜி28 இசட்0.’ என்று மட்டும் போடாதீர்கள். ஜி28 எப்போதும் ஓர் இடைப்புள்ளி வழியாகத்தான் ஹோம் போகும். ஜி90-இல் இசட்0 என்றால் அந்த இடைப்புள்ளி ஜாபின் ஜீரோ. டூல் முதலில் அங்கே ரேப்பிடில் இறங்கிவிட்டுத்தான் மேலே ஏறும். ஜி91-இல் இசட்0 என்றால் நகர்வே இல்லாத இடைப்புள்ளி. அதனால்தான் அந்த ஜோடி.

ஜி53-க்கு மாறினால் வேறொரு குழி இருக்கிறது. ‘ஜி53 ஜி0 இசட்0.’ என்பதில் ஜி53 அந்த ஒரு வரியோடு போய்விடும், ஆனால் ஜி0 தங்கிவிடும். வெட்டின் நடுவே இதை நேராக எழுதினால், போஸ்டின் கணக்கில் இன்னும் ஜி1-தான். அடுத்த வெட்டு வரியில் ஜி1 வராது, எக்ஸ் ஒய் மட்டும் வரும். அது ரேப்பிடில் ஓடும். எஃப் 300 (நிமிடத்துக்கு 300 மி.மீ.) என்று நினைத்த வெட்டு நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் போவதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை.

தீர்வு இரண்டு வகை. நல்ல வழி, போஸ்டில் ஏற்கனவே இருக்கும் ‘ரைட்ரிட்ராக்ட்’ ஃபங்ஷனையே அழைப்பது. அது ஜி91, ஜி28, திரும்ப ஜி90 எல்லாவற்றையும் கணக்கோடு எழுதும். சொந்த வரி எழுதியே ஆக வேண்டுமென்றால் ‘ரைட்பிளாக்’ வழியாக, ஜி90/91-க்கு ‘ஜிஆப்ஸ்இன்க்மோடல்’, ஜி0/1-க்கு ‘ஜிமோஷன்மோடல்’ என்ற மாறிகளைக் கொண்டு எழுதுங்கள். முடித்ததும் அந்த மாறிகளுக்கு ‘ரீசெட்’ கொடுத்து, ‘ஃபோர்ஸ்எக்ஸ்ஒய்இசட்’-ஐயும் அழையுங்கள். அடுத்த வரியில் எல்லாம் முழுதாக வெளிவரும். நாலு எழுத்து கூடினால் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது, குறைந்தால்தான் ஆபத்து. கூலன்டை அணைக்கும் எம்9-ஐ நேராக எழுதினாலும் இதே கதை: கூலன்ட் ஓடுவதாக போஸ்ட் நம்பும், அதே டூலின் அடுத்த ஆபரேஷனில் எம்8 வராது.

எங்கே எழுதுவது என்பதும் முக்கியம். ‘ஆன்ஓப்பன்’ புரோகிராம் தொடக்கம், ‘ஆன்செக்‌ஷன்’ ஒவ்வொரு ஆபரேஷனின் தொடக்கம், ‘ஆன்க்ளோஸ்’ முடிவு. ஆன்செக்‌ஷனுக்குள் டூல் மாற்றத்துக்கென்று தனியாக ஒரு நிபந்தனைப் பகுதி இருக்கும். அதற்குள் எழுதினால், அடுத்தடுத்து ஒரே டூலில் வரும் இரண்டாவது ஆபரேஷனுக்கு உங்கள் வரி வராது. ‘சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை’ என்ற புகார்களில் பாதி இதுதான்.

தசமப் புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபேனக்கில் 3401 பாராமீட்டரின் முதல் பிட் (#0) 0 என்றால், புள்ளி இல்லாத எக்ஸ்10 என்பது 10 மைக்ரான். 1 என்றால் 10 மி.மீ. ஃபேனக் போஸ்ட் எப்போதும் புள்ளி வைக்கும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. ‘அழகாக இருக்கட்டும்’ என்று அதை நீக்காதீர்கள். ஜி04-இல் (டுவெல், அதாவது சற்று நிற்பது) பி என்றால் புள்ளி இல்லாத மில்லி செகண்ட், எக்ஸ் என்றால் புள்ளியோடு செகண்ட். வேறு கன்ட்ரோலரின் போஸ்டிலிருந்து டுவெல் வரியைக் காப்பி அடிக்கும்போது இங்கேதான் தவறு வரும்.

ஆர்க்கில் 20-ஆம் எண் அலாரம் வந்தால், தொடக்கப் புள்ளியிலிருந்தும் முடிவுப் புள்ளியிலிருந்தும் மையத்துக்கு உள்ள தூரம் 3410 பாராமீட்டரில் உள்ள அளவைவிட அதிகமாக வேறுபடுகிறது என்று பொருள். மிகச் சிறிய ஆர்க்கை மூன்று தசமத்துக்குச் சுருக்கும்போது இது நடக்கும். பாராமீட்டரைத் தளர்த்துவதைவிட, போஸ்டில் ‘மினிமம்சர்க்குலர்ரேடியஸ்’ 0.01 என்று இருப்பதை 0.05 ஆக்கிப் பாருங்கள். அதைவிடச் சிறியவை நேர்கோடாக வெளிவரும். முழு வட்டத்தை ஒரே வரியில் ஆரில் கொடுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடையில் ஆஃப்செட் பக்கத்தில் ஒரே காலம் மட்டும் உள்ள பழைய கன்ட்ரோலர் இருந்தால், எச்5-உம் (டூல் நீளம்) டி5-உம் (D5, டூல் ஆரம்) ஒரே இடம். ஜி41 (டூல் ஆரத்துக்கு ஈடுசெய்வது) கொடுத்ததும் டூல் நீளத்தையே ஆரமாக எடுத்துக்கொள்ளும். அந்த மெஷினின் போஸ்டில் மட்டும் ‘டயாமீட்டர்ஆஃப்செட்’ வரும் இடத்தில் 50 கூட்டுங்கள். டூல் 5-க்கு டி55 (D55) வரும், ஆரத்தை 55-இல் போட வேண்டும் என்று ஆபரேட்டருக்கும் சொல்லிவிடுங்கள்.

போஸ்டைக் காவல்காரனாகவும் வைக்கலாம், இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. டூல் எண் அளவைத் தாண்டினால் ‘வார்னிங்’ கொடுக்கும் ஒரு வரி ஃபேனக் போஸ்டில் இருக்கிறது, ஆனால் உச்ச எண் 9999. அதை உங்கள் மேகசினின் அளவுக்குக் குறைத்து, ‘வார்னிங்’ என்பதை ‘எரர்’ ஆக்குங்கள். தவறான டூல் எண்ணோடு புரோகிராமே வெளிவராது. ஸ்பிண்டிலின் உச்ச வேகத்துக்கும் இதே மாதிரி ஒரு வரி சேர்க்கலாம். புரோகிராம் எண் 8000-க்கு மேல் போனால் வரும் எச்சரிக்கையை மட்டும் நீக்காதீர்கள். அந்த எண்கள் மெஷின் கம்பெனியின் மேக்ரோக்களுக்கானவை. ஆபரேஷனுக்குத் தமிழில் பெயர் வைத்தால் கமென்டில் வராது, அனுமதித்த ஆங்கில எழுத்துகளும் எண்களும் தவிர மற்றதைப் போஸ்ட் வடிகட்டிவிடும்.

சோதிக்க ஒரு சின்ன ஜாபை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே டூலில் தொடர்ந்து இரண்டு ஆபரேஷன், டூல் மாற்றம், டிரில், டேப், ஜி41, ஹெலிகல் (சுருள்) இறக்கம், ஜி54 ஜீரோவிலிருந்து ஜி55 ஜீரோவுக்கு மாறுவது எல்லாம் இருக்க வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் போஸ்ட் செய்து இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். நீங்கள் எதிர்பார்த்த வரிகள் மட்டும் மாறியிருக்க வேண்டும். வேறு எங்காவது ஒரு ஜி1 காணாமல் போயிருந்தால் மெஷினுக்கு எடுத்துப் போகாதீர்கள். எல்லா ஜி91-க்கும் பின்னால் ஜி90 வருகிறதா என்று தேடிப் பாருங்கள். பிறகு ஆஃப்செட் பக்கத்தில் 00 எக்ஸ்டர்னலில் இசட் +100 போட்டு (எல்லாம் 100 மி.மீ. மேலே நடக்கும்), ரேப்பிட் ஓவர்ரைடைக் குறைத்து, சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக) காற்றில் ஓட்டுங்கள். ‘டிஸ்டன்ஸ் டு கோ’வில் (மீதித் தூரத்தில்) கண் இருக்கட்டும். டேப்பிங் வரும்போது எஃப் சரியா என்று கணக்குப் போடுங்கள்: எம்8 x 1.25 மரை, 500 ஆர்.பி.எம், ஜி94 (நிமிடக் கணக்கு ஃபீட்) என்றால் எஃப்625.

மாற்றிய ஒவ்வொரு வரிக்கும் அருகே உங்கள் கடையின் பெயரில் ஒரு கமென்ட் குறி போடுங்கள். ஆட்டோடெஸ்க் போஸ்டைப் புதுப்பித்தாலும் உங்கள் நகல் பழையபடியேதான் இருக்கும். புதிய பதிப்பு தேவைப்படும்போது அந்தக் குறியைத் தேடி, மாற்றங்களை ஒவ்வொன்றாக அதில் சேர்க்கலாம்.

ஃபியூஷனுக்குப் பதில் மாஸ்டர்கேம் மென்பொருள் வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்தால்: அங்கே .பி.எஸ்.டி கோப்பு, மொழி வேறு, சிக்கல் இதேதான். மாறிக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டால் கட்டாயம் எழுதும், ஆச்சரியக்குறி போட்டால் எழுதாமல் கணக்கை மட்டும் புதுப்பிக்கும்.