சேமலாப நிதியில் பழைய ரோசா பஸ் வாங்கி நாடு சுற்றலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருக்கிறேன். அடுத்த மாதம் 60 வயதில் ஓய்வு. சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை, கையிருப்பு எல்லாம் சேர்த்தால் 96 இலட்சம் வரும். கொட்டகலையில் வாங்கிய காணியில் வீடு கூரை மட்டத்தில் நிற்கிறது, முடிக்க 14 இலட்சம் வேண்டும். கண்டியில் ஒருவர் பழைய மிட்சுபிஷி ரோசா பஸ்ஸை 46 இலட்சத்துக்குத் தருகிறார். உள்ளே கட்டில், அடுப்படி, கழிவறை செய்ய கராஜில் 18 இலட்சம் கேட்கிறார்கள். மனைவியோடு கதிர்காமம், நல்லூர், திருகோணமலை என்று சுற்ற வேண்டும் என்பது பல வருட ஆசை. வீட்டைப் பிறகு முடிக்கலாம், கொஞ்ச காலம் பஸ்ஸிலேயே இருந்துவிடலாம் என்றுகூட யோசிக்கிறேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஐயா, முதலில் வீட்டை முடியுங்கள். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஓய்வு பெற்றால் குவாட்டர்ஸைத் தோட்டத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு உங்களுக்கென்று ஒரு விலாசம் வேண்டாமா? கிராம சேவகர் சான்றிதழ், வாக்காளர் பதிவு, வங்கிக் கடிதம் எல்லாவற்றுக்கும் அது தேவை. பிரஷர், சீனிக்கு மாதாமாதம் டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து எடுக்கும் வயது இது. பயணம் போனாலும் அடுத்த கிளினிக் திகதிக்குள் திரும்ப வேண்டும். அந்தப் பெரிய பஸ்ஸை நிறுத்தவும் இடம் வேண்டும். மழைக்காலத்தில் மண்மேட்டுக்குக் கீழே பாதையோரம் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

அடுத்தது, இந்த 96 இலட்சம் எப்படிப்பட்ட காசு என்பது. அரசாங்க ஆசிரியருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வரும், அவர் போன பிறகும் துணைவிக்கு ஒரு தொகை தொடரும். உங்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் இத்தனை காலமாகச் சேர்ந்து ஒரே தடவையில் கைக்கு வருகிறது. இனி சம்பள நாள் கிடையாது. இந்தக் காசின் வட்டிதான் உங்கள் இருவருக்கும் மாதச் சம்பளம்.

கணக்கைப் பாருங்கள். வீட்டுக்கு 14, பஸ்ஸுக்கு 46, உள்வேலைக்கு 18 போனால் மிச்சம் 18 இலட்சம். ஆண்டு வட்டி 8 வீதம் என்று வைத்தால் மாதத்துக்கு 12,000 ரூபாய். இருவருக்கு மாதச் சாமான் செலவுக்கே அது போதாது. அதிலிருந்துதான் பஸ்ஸுக்கு ஆறு டயர், பெற்றரி, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், வருடாந்தத் தகுதிச் சான்றிதழ் எல்லாம் பார்க்க வேண்டும். வருடம் 5,000 கிலோமீட்டர் ஓடி, மலையில் லீட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுத்தால் 830 லீட்டருக்கு மேல் டீசல். லீட்டர் 280 ரூபாய் என்றால் இரண்டு இலட்சத்து 30 ஆயிரம் தாண்டும். முழு வருட வட்டியும் அதற்குப் பற்றாது. முதல் வருடத்திலேயே வைப்புப் பணத்தில் கை வைப்பீர்கள்.

உள்வேலைக்குக் கேட்கும் 18 இலட்சத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒரு இரவுக்கு 5,000 ரூபாய் அறை என்றால் அது 360 இரவு. வருடத்தில் 40 இரவு வெளியே தங்கினாலும் ஒன்பது வருடத்துக்குப் போதும். கதிர்காமத்திலும் நல்லூரிலும் மடங்கள் இருக்கின்றன, அங்கே அந்தச் செலவும் குறையும். வண்டிக்குள் கழிவறை வேண்டவே வேண்டாம். நம் நாட்டில் கழிவுத் தொட்டியை ஒழுங்காகக் காலி செய்ய வழியோர வசதி கிடையாது. ஆற்றங்கரையிலோ கானிலோ ஊற்றும் மனிதர் நீங்கள் இல்லை.

சட்டப் பக்கமும் இருக்கிறது. ரோசா பதிவில் பஸ். கார், வேன் ஓட்டும் பி வகுப்பு லைசன்ஸோடு அதை ஓட்ட முடியாது, டி1 வேண்டும். கனரக வகுப்புகளை நான்கு வருடத்துக்கு ஒரு தடவை மருத்துவச் சான்றிதழோடு புதுப்பிக்க வேண்டும். 60க்கு மேல் கண்ணும் பிரஷரும் எப்போதும் ஒத்துழைக்குமா? ஆசனங்களைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். பதியாத மாற்றம், பொருந்தாத லைசன்ஸ், இரண்டில் ஒன்று இருந்தாலும் விபத்து நேரத்தில் காப்புறுதிக் கம்பனி கையை விரிக்க இடம் கொடுத்துவிடுவீர்கள்.

ஆசையை விடச் சொல்லவில்லை. இத்தனை வருடம் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடும் கணக்குப் புத்தகமுமாக இருந்தவருக்கு ஊர் பார்க்க உரிமை உண்டு. என் யோசனை இது: வீட்டுக்கு 14 இலட்சம். நிலையான வைப்பில் 50 இலட்சம், அதே 8 வீதத்தில் மாதத்துக்கு 33,000 சொச்சம் வரும். ஆஸ்பத்திரி, அவசரம் என்று சேமிப்புக் கணக்கில் 6 இலட்சம். மிஞ்சுவது 26 இலட்சம். வண்டி, அதன் முதல் திருத்த வேலை, பலகைக் கட்டில் எல்லாம் இதற்குள் முடிய வேண்டும். அந்தக் காசுக்குப் பஸ் வராது, டொயோட்டா டவுன்ஏஸ் அளவிலான வேன்தான் வரும். அது போதும். பின் ஆசனத்தைக் கழற்றுவதற்கு முன் திணைக்களத்தில் கேளுங்கள். மடித்து வைக்கும் ஒரு பலகை, மெத்தை, ஜன்னலுக்கு நுளம்பு வலை. அடுப்பையும் சிறிய காஸ் சிலிண்டரையும் வெளியே இறக்கிச் சமையுங்கள், உள்ளே பற்றவைக்கவே கூடாது. கூரையில் தண்ணீர்த் தாங்கி ஏற்ற வேண்டாம். 100 லீட்டர் தண்ணீர் 100 கிலோ, அது உச்சியில் இருந்தால் வளைவுகளில் வண்டி சாயும்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியது. பழைய டவுன்ஏஸ்களில் வரும் 2சி டீசல் எஞ்சின் சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பதில் பெயர் போனது. ஆகவே வண்டியை விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் போகுமுன்னே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நீங்கள் நம்பும் மெக்கானிக் பாஸ் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு புசல்லாவையிலிருந்து றம்பொடை வழியாக லபுக்கலை வரை ஏறுங்கள். கொழும்பில் சமதரையில் ஓட்டிப் பார்த்து வாங்கிய வண்டி நமக்கு உதவாது. ஏற்றத்தில் வெப்பமுள் எங்கே நிற்கிறது, இரண்டாம் கியரில் இழுக்கிறதா, வெள்ளைப் புகை வருகிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் இறக்கம். அதே பாதையில் கீழ் கியரில் இறங்குங்கள். பிரேக் மணம் வந்தாலோ பெடல் மெல்ல மெல்ல உள்ளே போனாலோ பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

இதில் நான் கடுமையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2025 மே மாதம் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர். கொட்டகலையிலிருந்து நுவரெலியா, பண்டாரவளை வழியாகக் கதிர்காமம் போனால் நீங்கள் இறங்கப் போவதும் அந்த எல்ல–வெல்லவாய வீதியில்தான். இருவருக்கும் சீட் பெல்ட் இல்லாத வண்டியை வாங்காதீர்கள். மாலை மங்கிய பிறகு ஓட்டவும் வேண்டாம். புத்தளை–கதிர்காமம் பாதையில் யானைகள் வண்டியை மறித்துத் தீனி கேட்கும். அங்கே நிறுத்தித் தூங்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

2025 நவம்பர் டித்வா வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களும் துடைத்து மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேறு காய்ந்திருக்கும். ஆசனத்தின் கீழுள்ள நட்டுகளில் துரு, ஃபியூஸ் பெட்டிக்குள் மண் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கரையோரத்தில் ஓடிய வண்டி என்றால் சேஸிக்கு அடியில் படுத்தே பாருங்கள். உப்புக்காற்று அங்கேதான் தின்னும்.

கண்டிக்காரர் கேட்டால் முற்பணம் கொடுக்காதீர்கள். எந்த வண்டியானாலும் புக்கில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீங்கும் வரை காசு போகக்கூடாது. ஓப்பன் பேப்பரில், அதாவது வாங்குபவர் பெயர் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வைத்த பத்திரத்தில், வாங்க வேண்டாம். வாங்கியதும் 14 நாளைக்குள் பெயரை மாற்றுங்கள். நீங்களும் லீசிங் எடுக்காதீர்கள், வட்டியில் வாழப் போகிறவர் வட்டி கட்டக்கூடாது.

அந்த 50 இலட்சத்தை வைக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 60 வயதுக்கு மேற்பட்டோரின் ஒரு வருட நிலையான வைப்பில் 10 இலட்சம் வரை வழமையான வட்டிக்கு மேல் 3 வீதம் கிடைக்கும் திட்டம் 2025 ஜூலையில் தொடங்கியது. உங்கள் வங்கியில் கேட்டு, முதல் 10 இலட்சத்தை அதில் போடுங்கள். மிச்சத்தை இருவர் பெயரிலும், உங்களுக்கு ஏதாவது ஆனாலும் மனைவி தடையில்லாமல் எடுக்கும்படி கூட்டுக் கணக்காக வையுங்கள். வட்டியில் 10 வீத வரியைப் பிடித்துக்கொள்வார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்பதால் சுய பிரகடனப் படிவத்தைக் கொடுத்தால் அந்தப் பிடிப்பைத் தவிர்க்கலாம். வைப்புப் போடும் அன்றே கேட்டு நிரப்பிக் கொடுங்கள், மனைவியையும் கூட்டிப் போங்கள்.